தலையில்லாத ஆணியின் பயணம்

அதற்குத் தலை கிடையாது. மரை கிடையாது, நட்டு கிடையாது, கூர்முனையும் கிடையாது. 12 மில்லிமீட்டர் தடிமனில் வழவழப்பாக உருட்டி, வேண்டிய நீளத்துக்கு வெட்டி எடுத்த எஃகுக் கம்பி, அவ்வளவுதான். வரைபடத்தில் பார்த்தால் ஒரு சின்ன வட்டம். நம் தச்சர்கள் மரத்தில் செய்து அடிக்கும் முளைக்கு எஃகில் பிறந்த தம்பி. நார்வேயில் மியோஸா ஏரிக்கரையில் 85.4 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மரக் கோபுரத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பவை இந்த முளைகள். அங்கிருந்து வடக்கே, அதே நெடுஞ்சாலையின் வழியில், 2022 ஆகஸ்டில் ஒரு காலைப்பொழுதில் ஆற்றுக்குள் சரிந்த மரப்பாலத்தைப் பிடித்திருந்தவையும் இவையே.

இந்த முளையின் கதையைச் சொல்ல நார்வேயைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அதன் வாழ்வின் பெரிய நிகழ்ச்சிகள் ஏறக்குறைய ஒரே சாலையோரத்தில் நடந்திருக்கின்றன. ஈ6 நெடுஞ்சாலையில் தெற்கிலிருந்து வடக்காகப் போனால் முதலில் ஹாமார் நகரம், பிறகு புருமுன்டால், அடுத்து மொயெல்வ், ஏரியின் தலைமாட்டில் லில்லஹாமர். அதற்கு மேல் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் திரெத்தென் என்னும் சிற்றூர், இன்னும் வடக்கே ஷூவா. பிறந்தது, பெயர் பெற்றது, உயரம் தொட்டது, விழுந்தது எல்லாம் இந்த வழியில்தான்.

முளையைப் பற்றிப் பேசுமுன் அது நுழையும் மரத்தைப் பற்றிப் பேச வேண்டும். மொயெல்வில் உள்ள ஆலையில் ஸ்புரூஸ் மரப் பலகைகளை உலர்த்தி, வலிமை பார்த்துப் பிரித்து, நுனிகளை விரல்கோத்தாற்போல் இணைத்து நீளமாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை தடவி அழுத்தி உத்தரங்களாக்குகிறார்கள். உலகம் இதைக் குளூலம் என்கிறது. ஜெர்மனியின் வைமார் நகரில் ஓட்டோ ஹெட்சர் என்ற தச்சுத் தொழிலதிபர் 1906-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காட்டில் நிற்கும் மரத்துக்கு அதன் உயரமும் சுற்றளவும்தான் எல்லை. ஒரு முடிச்சு விழுந்த இடத்தில் அது பலவீனப்படும். பலகைகளை ஒட்டும்போது ஒரு பலகையின் முடிச்சை அடுத்த பலகையின் நல்ல நார் தாங்கிக்கொள்கிறது. எனவே பெரிய உத்தரம் மட்டுமல்ல, நம்பத்தகுந்த உத்தரமும் கிடைக்கிறது. கோபுரத்துக்குப் பயன்பட்ட ஜிஎல்30 என்ற தரத்தில், 30 என்பது வளைவில் அது தாங்கும் தகைவைக் குறிக்கும்: சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன்.

ஆனால் எவ்வளவு நீளமாகச் செய்தாலும் அது லாரியில் ஏற வேண்டும், வளைவுகளில் திரும்ப வேண்டும். கட்டும் இடத்தில் தூணும் உத்தரமும் சாய்சட்டமும் ஒரு புள்ளியில் வந்து கூட வேண்டும். எஃகாக இருந்தால் பற்றவைக்கலாம். கான்கிரீட்டாக இருந்தால் கம்பிகளைப் பின்னி ஊற்றிவிடலாம். மரத்தை இரண்டும் செய்ய முடியாது. துளையிட்டுத்தான் கோக்க வேண்டும்: மரத்தில் காடி கீறி எஃகுத் தகட்டைச் செருகி, இரண்டையும் ஊடுருவும்படி முளையை அடிப்பார்கள். துளையிட்டால் அந்த இடத்தில் மரம் குறைகிறது. சட்டங்களின் விசைகள் எல்லாம் வந்து சேரும் முடிச்சு எதுவோ, அந்த இடத்திலேயே மரத்தைக் குடைந்து மெலியவைக்க வேண்டியிருக்கிறது. மரக் கட்டுமானத்தின் அடிப்படைச் சிக்கல் இதுதான். ஒரு மரக் கட்டடத்தின் பெரிய தூண்களைப் பார்த்து, இவ்வளவு பருமன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பல இடங்களில் அந்தப் பருமனைத் தீர்மானிப்பது சுமை அல்ல. முளைகளுக்கு இடம் வேண்டும் என்பதுதான்.

இரண்டாவது சிக்கல் மரத்தின் பிறவிக் குணம். குளூலத்தை நார் ஓடும் திசையில் இழுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 19 நியூட்டன் வரை தாங்கும் என்று கணக்கில் கொள்வார்கள். அதே மரத்தை நாருக்குக் குறுக்காக இழுத்துப் பிரித்தால் அரை நியூட்டன்தான். ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பெயர்வதற்கான எதிர்ப்பு 3.5 நியூட்டன் அளவில் இருக்கும். இரும்புக்கு எந்தத் திசையும் ஒன்றே. மரத்துக்கு அப்படியில்லை. பலகையின் நுனிக்கு மிக அருகே ஆணி அடித்தால் வெடித்துவிடும் என்று எந்தத் தச்சரும் முதல் நாளிலேயே தன் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்தப் பாடத்தை எண்களாக்கியதுதான் இன்றைய நெறிமுறை. ஐரோப்பிய நெறியின்படி, இழுக்கப்படும் முனையிலிருந்து முதல் முளைக்கு அதன் விட்டத்தைப்போல் ஏழு மடங்கு தூரம் இருக்க வேண்டும். 80 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது. நம் 12 மில்லிமீட்டர் முளைக்கு 84 மில்லிமீட்டர்.

முளைக்கு அறிவியல் வாழ்வு கொடுத்தவர் டென்மார்க்கின் கே. டபிள்யூ. யோஹான்சென். கான்கிரீட் தளங்கள் உடையும்போது எந்தெந்தக் கோடுகளில் மடியும் என்று கணித்த கோட்பாட்டுக்காகப் பொறியியல் மாணவர்கள் அவரை அறிவார்கள். அதே மனிதர்தான் 1949-ல் மர இணைப்புகளைப் பற்றிய கோட்பாட்டையும் வெளியிட்டார். அதுவரை போல்ட்டும் முளையும் எவ்வளவு தாங்கும் என்பது பெரும்பாலும் சோதனைகளையும் பழக்கத்தையும் நம்பிய விஷயம். யோஹான்சென் கேட்ட கேள்வி எளியது: இணைப்பு தோற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? முளை மிகத் தடிமனாக, விறைப்பாக இருந்தால் அது நேராகவே இருந்து மரத்தை நசுக்கிக்கொண்டு நகரும். மெல்லியதாக இருந்தால், மரம் நசுங்குவதோடு முளையும் ஓரிடத்தில் மடியும். இன்னும் மெலிந்து நீண்டால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டிரண்டு இடங்களில் மடியும். மரத்தின் நசுங்கும் வலிமை ஒன்று, எஃகின் மடியும் வலிமை மற்றொன்று. இந்த இரண்டை மட்டும் அளந்துவிட்டால் இணைப்பின் வலிமையைத் தாளில் கணக்கிடலாம். எந்த விதம் குறைந்த விசையில் நடக்கிறதோ அதுவே உண்மையில் நடக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் முளையின் அருமை தெரியாது. நார்வே ஸ்புரூஸ் குளூலத்தின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 390 கிலோ என்று வைத்துக்கொண்டால், 12 மில்லிமீட்டர் முளைக்கு அடியில் அது நசுங்கும் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 28 நியூட்டன் அளவில் வரும். முளையின் எஃகு 500 நியூட்டன் தரம் என்றால், அதை மடக்க ஏறத்தாழ 96 நியூட்டன்-மீட்டர் திருப்பம் வேண்டும். இரண்டையும் யோஹான்சென் வழியில் சேர்த்தால், மரமும் எஃகுத் தகடும் சந்திக்கும் ஒரு தளத்துக்கு 13 கிலோநியூட்டன், அதாவது ஒன்றேகால் டன்னுக்குச் சற்று மேல். பாதுகாப்புக் காரணிகளால் குறைத்தபின் குறுகிய காலச் சுமைக்கு 9 கிலோநியூட்டன். ஒரு விரல் தடிமன்கூட இல்லாத கம்பிக்கு இது சிறிய சுமையல்ல. தகடு ஒன்றானால் அதன் இரு பக்கமும் இரண்டு தளங்கள். மரத்தில் நான்கு காடி கீறி நான்கு தகடுகளைச் செருகினால் எட்டுத் தளங்கள். ஒரே முளை எட்டு இடங்களில் வேலை செய்கிறது. முளையைத் தடிமனாக்குவதைவிட, மெல்லிய முளையைப் பல தகடுகளின் வழியே ஓடவிடுவது நல்லது என்ற எண்ணம் இங்கிருந்துதான் வந்தது.

முளை மடிய வேண்டும் என்பதைப் புதிதாகக் கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள். மடிவது தோல்விதானே? மரம் உடையும்போது முன்னறிவிப்பு தராது. படாரென்று பிளந்துவிடும். எஃகு அப்படியில்லை, வளைந்து, நீண்டு, சுமையை அடுத்த முளைக்குத் தள்ளி, கீச்சொலி எழுப்பி நமக்கு நேரம் கொடுக்கும். மரக் கட்டடத்தில் இளகிக்கொடுக்கும் குணம் இருப்பது இணைப்பிலுள்ள எஃகுக்கு மட்டும்தான். அதனால் முளை முதலில் மடியும்படி, மரம் அதற்குப் பிறகும் உடையாமல் இருக்கும்படி அமைப்பதே இணைப்பு வடிவமைப்பின் சாரம் என்று நான் கருதுகிறேன். முளைகளை எண்ணிப் பெருக்குவது அதில் பாதி வேலைகூட இல்லை.

மொயெல்வ் மரங்களில் இந்த முளைகள் பெரும் பொறுப்பை ஏற்றது 1994 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டித்தான். போட்டிகள் லில்லஹாமரில் என்று முடிவானதும் சுற்றுவட்டாரத்தில் பெரிய அரங்குகள் தேவைப்பட்டன. நார்வேக்காரர்கள் அவற்றை மரத்தில் கட்டத் துணிந்தார்கள். ஹாமாரில் கவிழ்த்த வைக்கிங் கப்பலின் வடிவில் எழுந்த பனிச்சறுக்கு அரங்கு 1992-ல் திறக்கப்பட்டது. வைக்கிங்ஷிப்பெ என்று அதற்குப் பெயர். நடுவில் ஒரு தூணும் இல்லாமல் 96 மீட்டருக்கு மேல் தாண்டும் குளூலம் டிரஸ்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. டிரஸ் என்றால் மேல்சட்டம், கீழ்ச்சட்டம், இடையே குறுக்கும் சாய்வுமாகச் சட்டங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் செருகிய தகடுகள். தகடுகளை ஊடுருவும் முளைகள். அரங்குக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு மரம்தான் தெரியும். எஃகு உள்ளே ஒளிந்திருக்கும். பொன்னிற மரத்தின் மேல் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால், ஒவ்வொன்றும் ஒரு முளையின் முனை.

தகடு மரத்துக்குள் ஒளிந்திருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. தீப்பிடித்தால் குளூலத்தின் மேற்பரப்பு நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் என்ற நிதானத்தில் கரியாகும். அந்தக் கரி உள்ளே இருக்கும் மரத்தை வெப்பத்திலிருந்து காக்கும். வெளியே நிற்கும் எஃகுத் தகடோ சீக்கிரம் சூடாகி வலுவிழக்கும். தகட்டை உள்ளே தள்ளி, முளையின் முனையை ஆழமாக இறக்கி, மேலே மரத்தக்கை வைத்து மூடினால், எரியும் மரமே தன்னைப் பிணைத்திருக்கும் எஃகுக்குக் கவசம்.

அரங்குகளில் தேறியதும் முளை சாலைக்கு வந்தது. கிளோமா ஆற்றின் மேல் எவன்ஸ்டாட் பாலம் 1996-ல் கட்டப்பட்டது, 36 மீட்டர் கண்கள் ஐந்து. அதே ஆற்றின் மேல் 2003-ல் ஃபிளிசா பாலம், அதன் பெரிய கண் 70 மீட்டருக்குச் சற்று மேல். மரத்தில் நெடுஞ்சாலைப் பாலம், அதுவும் கனரக லாரிகள் ஓடும் பாலம் என்பது அந்தக் காலத்தில் உலகம் திரும்பிப் பார்த்த காரியம். பாலம் என்பது அரங்கைவிடக் கடினமான வாழ்க்கை. கூரை தன் எடையையும் பனியையும் தாங்கினால் போதும். பாலத்தின் மேல் லாரி வரும், போகும், மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் சாய்சட்டங்களின் விசை ஏறி இறங்கும். மழையும் பனிக்காற்றும் காடிகளுக்குள் நுழையப் பார்க்கும்.

இங்கே இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். ஒரு முளை பத்து கிலோநியூட்டன் தாங்கினால் பத்து முளை நூறு தாங்கும் என்று தோன்றும். மரத்தில் அது உண்மையில்லை. நார் ஓடும் திசையில் பத்து முளைகளை ஒரே வரிசையில், விட்டத்தின் ஐந்து மடங்கு இடைவெளியில் வைத்தால், ஐரோப்பிய நெறியின்படி அவை ஆறேகால் முளைகளாகத்தான் எண்ணப்படும். வரிசையின் முதல் முளையும் கடைசி முளையும் அதிகச் சுமையை வாங்கிக்கொள்ளும். நடுவில் உள்ளவை விழித்துக்கொள்வதற்குள் மரம் அந்த வரிசையின் கோட்டிலேயே பிளக்கத் தொடங்கிவிடும். இடைவெளியைக் கூட்டினால் எண்ணிக்கை கூடும். ஆனால் இடைவெளி கூடினால் தகடு பெரிதாகும், காடி நீளும், செலவு ஏறும். நெருக்கமாக வைத்துவிடலாம் என்ற ஆசை வடிவமைப்பவரின் மேசையில் எப்போதும் இருக்கும்.

நெருக்கமாக வைத்தால் வரும் ஆபத்து வரிசை பிளப்பதோடு நிற்பதில்லை. முளைக் கூட்டம் மொத்தமும் சேர்ந்து மரத்தில் ஒரு செவ்வகத்தை வரைகிறது என்று வையுங்கள். இழுவிசை ஏறும்போது ஒரு முளையும் மடியாமலே, அந்தச் செவ்வகக் கட்டை முழுதாகப் பெயர்ந்து வெளியே வந்துவிடலாம். கட்டையின் தலைப்பக்கம் நார் அறுபடும், பக்கவாட்டில் நார்கள் வழுக்கிப் பெயரும். தகடும் முளைகளும் அந்தக் கட்டையைக் கவ்விக்கொண்டபடி சட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். யோஹான்செனின் கோட்பாட்டில் இதற்கு இடமில்லை. அவர் ஒரு முளையைச் சுற்றி நடப்பதைக் கணித்தார். இது கூட்டமாக நிற்பதால் வரும் ஆபத்து. 2004-ல் வந்த ஐரோப்பிய மர நெறியில் இதைச் சோதிக்கும் சூத்திரம் இருந்தது. ஆனால் ஒரு பின்னிணைப்பில், தகவலுக்காக என்ற தலைப்பின் கீழ்.

2016 பிப்ரவரியில் ஷூவாவுக்கு அருகே பெர்கோலோ பாலம் விழுந்தது. கட்டி அதிக காலம் ஆகாத குளூலம் டிரஸ் பாலம். ஒரு லாரி கடந்துகொண்டிருந்தபோது இடிந்தது. ஓட்டுநர் உயிர் பிழைத்தார். விசாரணையில் காரணம் வெளிப்பட்டது: ஓர் இணைப்பின் வடிவமைப்பில் பிழை. மரம் அழுகவில்லை, பசை விடவில்லை. ஒரு முடிச்சின் கணக்கு தவறியிருந்தது. அதே வகையைச் சேர்ந்த மற்றப் பாலங்களின் கணக்குகளையும் எடுத்து மறுபடி பார்த்தார்கள். அந்தப் பட்டியலில் திரெத்தென் பாலமும் இருந்தது. பார்த்தார்கள், போக்குவரத்து தொடர்ந்தது.

அதே காலத்தில்தான் முளை உயரத்தை நோக்கிப் புறப்பட்டது. மேற்குக் கரையில் பெர்கன் நகரில் 2015-ல் 14 மாடிகள் கொண்ட திரேட் என்ற குடியிருப்பு முளையிட்ட குளூலம் சட்டகத்தில் எழுந்திருந்தது. அந்த அனுபவத்தோடு புருமுன்டாலில் மியோஸ்டோர்னெட் கோபுரத்தைத் தொடங்கினார்கள். ஆலை இருக்கும் மொயெல்வ் அங்கிருந்து 15 கிலோமீட்டர் தூரம்தான். 18 மாடிகள், 85.4 மீட்டர். 2019 மார்ச்சில் திறந்தபோது உலகிலேயே உயரமான மரக் கட்டடம் அதுதான். மூலைத் தூண்களின் குறுக்களவு 1,485க்கு 625 மில்லிமீட்டர். ஒரு ஆள் படுத்துக்கொள்ளப் போதாத கட்டிலின் அளவுள்ள மரம், தரையிலிருந்து உச்சி வரை. முகப்பில் பெரிய சாய்சட்டங்கள் காற்றைத் தாங்குகின்றன. ஒவ்வொரு முடிச்சிலும் செருகிய தகடு, ஊடுருவும் முளை. ஹாமாரின் கூரையில் பழகிய அதே முறை.

கோபுரத்தில் முளையின் வேலை மாறுகிறது. கட்டடத்தின் எடையைக் கீழே இறக்குவதற்கு முளை அவ்வளவாகத் தேவையில்லை. அதை மரத்தின் மேல் மரம் அமர்ந்தே தாங்கிவிடும். காற்று அடிக்கும்போதுதான் முளைக்கு வேலை. இத்தனை மாடிகள் இருந்தும் மரம் இலேசானது. பெருங்காற்றில் ஒரு பக்கத்து மூலைத் தூண் அமுக்கப்படும்போது எதிர்ப்பக்கத்துத் தூண் மேலே இழுக்கப்படும். அந்த இழுவிசையைத் தூணின் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் கடத்தி, அடித்தளம் வரை கொண்டு சேர்ப்பவை முளைகள். அப்போது அவை சேர்ந்து தாங்குவது நூற்றுக்கணக்கான டன்.

துளையின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதும் இங்கேதான் தெரியும். போல்ட்டுக்கு மரத்தில் சற்றுப் பெரிய துளை போடுவார்கள். அது அசைந்து இடம் பிடிக்கும்வரை இணைப்பு தளர்வாக இருக்கும். முளைக்கு மரத்தில் போடும் துளை அதன் விட்டத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அடித்துத்தான் இறக்க வேண்டும். கணினி இயக்கும் எந்திரங்கள் ஆலையிலேயே காடியையும் துளையையும் போட்டு அனுப்புகின்றன. கட்டும் இடத்தில் தகட்டின் துளையும் மரத்தின் துளையும் நேருக்கு நேர் வராவிட்டால் முளை போகாது. ஒரு முடிச்சில் பல தகடுகள், பல வரிசைகள். ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு தகட்டிலும் சந்திக்க வேண்டும். மரத்தச்சின் நுணுக்கமும் எஃகு வேலையின் துல்லியமும் இவ்வளவு பெரிய அளவில் சேர்ந்ததைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அப்படிச் செய்தும் கோபுரம் அசையத்தான் செய்யும். இலேசான உயர்ந்த கட்டடத்தைக் காற்று எளிதில் ஆட்டும். அதில் வசிப்பவர்களுக்குத் தலை சுற்றக்கூடும். அதனால் 12-ஆம் மாடியிலிருந்து மேலே தளங்களைக் கான்கிரீட்டில் போட்டார்கள், உச்சியில் எடை கூடி அசைவு மெதுவாவதற்காக. இதைச் சொல்லி அது முழு மரக் கட்டடம் அல்ல என்று வாதிட்டவர்கள் உண்டு. என் பார்வையில் அது வீண் சண்டை. சட்டகம் மரம், சட்டகத்தின் மூட்டு எஃகு, மேல்தளம் கான்கிரீட். ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது.

உள்ளே குடியிருப்பவர்கள் அறையைச் சூடாக்குவதாலும் மரத்துக்கு ஒரு சோதனை வருகிறது. வெப்பத்தில் மரம் உலரும். ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் நாருக்குக் குறுக்கே கால் விழுக்காடு சுருங்கும். ஒரு மீட்டர் அகலத்தில் நான்கு விழுக்காடு ஈரம் போனால் ஒரு சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் எஃகுத் தகடு சுருங்காது. அகலமான தகட்டில் குறுக்காகப் பரப்பி முளை அடித்தால், சுருங்கப் பார்க்கும் மரத்தை முளைகள் பிடித்து நிறுத்தும். ஒரு சுமையும் ஏறாமலேயே மரம் வெடிக்கும். இதைத் தடுக்க முளைகளைக் குறுக்கே அதிகம் பரப்பாமல் வைக்க வேண்டும். அல்லது நாருக்குக் குறுக்காக நீண்ட முழுமரை ஸ்குரூக்களை இறக்கி மரத்தைத் தைத்துவிட வேண்டும். பார்க்க எளிய வேலை, ஆனால் முளைக்கு இதைவிட நல்ல துணை இதுவரை வரவில்லை.

திரெத்தென் பாலம் 2012-ல் திறக்கப்பட்டது. லோகன் ஆற்றின் மேல், 148 மீட்டர் நீளம், குளூலமும் எஃகும் சேர்ந்த டிரஸ். ஊரையும் எதிர்க்கரையில் போகும் நெடுஞ்சாலையையும் இணைத்தது. திறந்து பத்தாண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்ட் 15 காலையில், மேலே ஒரு லாரியும் ஒரு காரும் இருந்தபோது அது ஆற்றுக்குள் இறங்கியது. புயல் இல்லை, வெள்ளம் இல்லை, சாதாரண திங்கட்கிழமை. லாரி ஓட்டுநர் சாய்ந்த வண்டியில் சிக்கிக்கொண்டார். ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. கார் ஓட்டுநரும் தப்பினார். இருவரும் பிழைத்ததை நினைத்தால் இன்றும் பெருமூச்சுதான் வருகிறது. ஒரு பேருந்து போயிருந்தால் என்ற எண்ணம் அந்த நாட்டில் பலருக்கும் வந்திருக்கும்.

நார்வேயின் விபத்து விசாரணை ஆணையம் உடைந்த சட்டங்களை ஆராய்ந்து கண்டது, மேலே சொன்ன அந்தச் செவ்வகத்தைத்தான். ஒரு சாய்சட்டத்தின் முனையில் முளைக் கூட்டத்தோடு மரக்கட்டை பெயர்ந்திருந்தது. அங்கே தொடங்கியது, மாற்று வழி இல்லாத டிரஸ் என்பதால் பாலம் முழுதும் தொடர்ந்து சரிந்தது. பாலத்தை வடிவமைத்த காலத்தில் பின்பற்றிய நார்வே நெறியில் கட்டை பெயர்வைச் சோதிக்க வேண்டும் என்ற விதி இல்லை. அறிவு உலகத்தில் இருந்தது, பின்னிணைப்பில் இருந்தது, அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.

இந்த விபத்துக்குப் பிறகு மரப்பாலமே கூடாது என்ற குரல்கள் எழுந்தன. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, முடிவு ஏற்புடையதாக இல்லை. ஹாமாரின் கூரை முப்பது ஆண்டுகளாக நிற்கிறது. கோபுரம் நிற்கிறது. அதே ஸ்புரூஸ், அதே வகை முளை. பொருளைக் குற்றம் சொல்லி நகர்ந்துவிட்டால், உண்மையில் கற்க வேண்டியது கைவிட்டுப் போகும். எனக்கு அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. பெர்கோலோ விழுந்தபோதே இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆறு ஆண்டுகள் இருந்தன. முன்பு நடந்த பிழையைத் தேடினார்கள்.  முளைக் கூட்டம் தோற்கக்கூடிய எல்லா விதங்களையும் தேடியிருந்தால் திரெத்தெனின் சாய்சட்டம் அப்போதே கண்ணில் பட்டிருக்கும். ஒரு பாலத்தை மறுபடி பார்ப்பது என்றால் அது கட்டப்பட்ட காலத்து விதியோடு பார்ப்பதா, இன்று நமக்குத் தெரிந்த எல்லாவற்றோடும் பார்ப்பதா? ஓட்டுநருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவர் பாலத்தின் மேல் போகிறார்.

பாலம் விழுந்ததுமே நார்வே சாலைத் துறை இதே பாணியிலான 14 பாலங்களை மூடிவிட்டு, ஒவ்வொன்றின் முடிச்சுகளையும் கணக்கிட உட்கார்ந்தது. ஐரோப்பிய மர நெறியின் அடுத்த தலைமுறைப் பதிப்பில், கட்டை பெயர்வதும் வரிசை பிளப்பதும் போன்ற திடீர் முறிவுகள் பின்னிணைப்பிலிருந்து நூலின் உடலுக்குள் வந்துவிட்டன. இப்போது ஒரு முடிச்சை வரைபவர் முதலில் முளைக் கூட்டம் முழுவதையும் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கட்டை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார். பிறகு ஒவ்வொரு வரிசையையும் பார்க்கிறார். கடைசியாகத்தான் தனி முளைக்கு யோஹான்செனின் கணக்கு. அந்தக் கடைசி எண் முதல் இரண்டையும்விடச் சிறியதாக வரவேண்டும். வராவிட்டால் முளைகளை இன்னும் விலக்கி வைக்க வேண்டும், சட்டத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது முளையை மெல்லியதாக்க வேண்டும். இணைப்பை வலுவாக்க முளையை மெலியவைப்பது விந்தையாகத் தோன்றும். மெலிந்த முளைதான் மரத்துக்கு முன்னால் மடியும்.